அட்வான்ஸ் என்னும் கடிவாளம்

மோட்டார் சுவிட்ச் யார் வீட்டுச் சுவரில் இருக்கிறது என்று பார்த்தால் போதும், அந்தக் கட்டடத்தில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது விளங்கிவிடும். சென்னையின் மேற்குப் புறநகரில், அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் கீழ்த்தளத்தில் ஹவுஸ் ஓனரும் மேலே மூன்று நான்கு குடித்தனங்களுமாக இருக்கும் வீடுகள் ஏராளம். போர் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றும் மோட்டார், படிக்கட்டு விளக்கு, கேட்டின் பூட்டு, கரண்டுக்கான மெயின் எல்லாம் ஓனரின் கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கும். சுமுகமாகப் போகும் காலத்தில் இது யாரையும் உறுத்துவதில்லை. வாடகையை இரண்டாயிரம் கூட்டச் சொல்லி, முடியாது என்று பதில் வந்தாலோ, அதிக வாடகைக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டாலோ, ஊரிலிருந்து வந்த மாமியார் பத்து நாள் தங்கியது பிடிக்காமல் போனாலோ நிலைமை மாறுகிறது. இரண்டு வேளை வந்த தண்ணீர் ஒரு வேளையாகிறது. பிள்ளைகள் காதில் விழும்படி ஏச்சு தொடங்குகிறது. 'இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடு' என்று வாய்மொழி உத்தரவு வருகிறது. அதற்கும் அசையாதவர் வேலைக்குப் போய்த் திரும்பும்போது வாசலில் வேறு பூட்டு தொங்குகிறது.

இவற்றில் எதற்கும் சட்டத்தில் இடம் கிடையாது. தமிழ்நாட்டில் வாடகைக்கு இருப்பவரைக் காக்கும் சட்டமே இல்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது தவறு. சட்டம் இருக்கிறது, பெரும்பாலான இடங்களில் தெளிவாகவும் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சட்டத்தின் கதவைத் தட்டும் துணிவு வாடகைதாரருக்கு வருவதில்லை. காரணம், அவருடைய சொந்தப் பணம் மொத்தமாக ஓனரின் கையில் இருப்பதுதான். ஓனரின் கோபத்துக்கும் அடாவடிக்கும் பலம் கொடுப்பது அட்வான்ஸ். அந்தப் பணம் அவர் கையில் இருக்கும்வரை எத்தனை நல்ல சட்டம் வந்தாலும் அது ஏட்டில்தான் நிற்கும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இந்த வட்டாரத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். 1955 ஜனவரியில் காங்கிரஸ் கூடி 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது ஆவடியில்தான். அதற்கடுத்த பத்தாண்டுகளில் கனரக வாகனத் தொழிற்சாலையும் படைத்துறை உடைத் தொழிற்சாலையும் ஆவடிக்கு வந்தன. அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது. பாடியைச் சுற்றி வாகன உதிரிபாக ஆலைகள் பெருகின. பின்னாளில் பூந்தமல்லிக்கு அப்பால் திருப்பெரும்புதூர் வரை ஆலைகள் நீண்டன. நிரந்தர ஊழியர்களில் ஒரு பகுதியினருக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. ஒப்பந்தத் தொழிலாளிக்கும், ஷிஃப்ட் முறையில் லேத் ஓட்டுபவருக்கும், தையல் கம்பெனிக்குப் போகும் பெண்ணுக்கும், வட மாநிலத்திலிருந்து வந்தவருக்கும் தெருவில் தொங்கும் 'டு-லெட்' போர்டுதான் கதி. இப்போது கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரைக்குமான மெட்ரோ வழித்தடத் திட்டம் வேறு வந்து, அந்தச் சாலையோரத்து வாடகைகளை மேலே தள்ளுகிறது. இருக்கும் ஆளை எழுப்பிவிட்டுப் புது ஆளை வைத்தால் லாபம் என்ற நிலை வரும்போதுதான் மோட்டார் சுவிட்சுக்கு வேலை வருகிறது.

சட்டம் சொல்வது என்ன?

சுதந்திரத்துக்கு முன்பே சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. 1960-ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் கோலோச்சியது. அதை நீக்கிவிட்டு வந்ததுதான் சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வாடகை எவ்வளவு என்பதை இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்று ஓனருக்குப் பெரிய சுதந்திரம் கொடுத்த சட்டம் இது. அதற்கு ஈடாகச் சில கடமைகளையும் அவர்மேல் வைத்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வாங்கிய வாடகைக்கு ரசீது தர வேண்டும். வாடகையை வாங்க மறுத்து, 'பாக்கி வைத்தான்' என்று பிறகு சொல்லும் தந்திரம் பலிக்காதபடி, வாடகையை அந்த அதிகாரியிடமே கட்டுவதற்கும் வழி இருக்கிறது. வீட்டுக்குள் நுழைய வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 'என் வீடு, நான் எப்ப வேணா வருவேன்' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

இந்தச் சட்டத்தின் உயிர்நாடி 20-ஆம் பிரிவு. தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, கழிவுநீர் வசதி போன்ற அத்தியாவசியச் சேவைகளை ஓனரோ, அவருக்காக வீட்டைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகியோ, இவர்கள் பெயரைச் சொல்லி வரும் வேறு யாருமோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகைதாரர் வாடகை அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். விசாரணை முடியும்வரை காத்திராமல், உடனே திரும்பக் கொடு என்று அவர் இடைக்கால உத்தரவு போடலாம். விசாரணையை ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். வாடகை பாக்கி இருக்கிறது, வீட்டைப் பாழாக்கிவிட்டார், குத்தகைக் காலம் முடிந்துவிட்டது, எனக்கே வீடு தேவை என்று ஓனரிடம் நியாயமான காரணம் இருக்கலாம். அப்போதும் அவர் போக வேண்டிய இடம் வாடகை நீதிமன்றம்தான். இது புதிய கொள்கையும் கிடையாது. ஓரிடத்தில் நிலைத்துக் குடியிருப்பவர், அங்கே தொடர அவருக்கு உரிமையே இல்லாவிட்டாலும், சட்டத்தின் வழியாக அன்றி வெளியேற்றப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லும் 2003-லும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சட்டத்துக்குப் புறம்பாக வெளியே தள்ளப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து இடத்தைத் திரும்பப் பெற 1963-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் வழிசெய்கிறது.

நிர்வாகியைப் பற்றியும் சட்டம் மறக்கவில்லை. மேற்குப் புறநகரில் வீட்டை வாங்கிப் போட்டுவிட்டு வெளிநாட்டிலோ நகரின் மறுகோடியிலோ இருக்கும் ஓனர்கள் பெருகிவிட்டார்கள். அவர்கள் சார்பில் வருபவர் சில இடங்களில் உறவினர், சில இடங்களில் புரோக்கர், சில இடங்களில் 'கேர்டேக்கர்' என்ற பெயரில் அதட்டுவதற்கென்றே வைத்த ஆள். இப்படி ஒருவரை வைத்தால் அவர் பெயர், அவருக்கு அதிகாரம் கொடுத்ததற்கான சான்று, எந்தெந்த வேலைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதை எல்லாம் ஓனர் வாடகைதாரருக்குத் தெரிவிக்க வேண்டும். எல்லை மீறும் நிர்வாகி மீதும் வாடகைதாரர் புகார் கொடுக்கலாம். ஆகவே, இரவு பத்து மணிக்கு மேல் வந்து கதவைத் தட்டும் ஆளிடம் 'உங்களுக்கு அதிகாரம் கொடுத்த கடிதம் எங்கே' என்று கேட்பது திமிர் ஆகாது. அது வாடகைதாரரின் உரிமை.

கரண்ட் விஷயத்தில் ஒரு விவரம் பலருக்குத் தெரியாது. 2016 முதல் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரே இணைப்பில் சப்-மீட்டர் போட்டு, அரசு வாங்காத விலைக்கு யூனிட்டை விற்கும் வீடுகளில் இந்தச் சலுகை குடித்தனக்காரரை எட்டுவதே இல்லை. மின்சாரச் சட்டம், 2003 தனி இணைப்புக் கேட்கும் உரிமையை உரிமையாளருக்கு மட்டும் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் குடியிருப்பவருக்கும் கொடுத்திருக்கிறது. ஓனர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மின்சாரத்தை மறுக்க முடியாது, அது அடிப்படைத் தேவை என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் ஒரு வழக்கில் கூறியது. மெயின் சுவிட்ச் ஓனரின் ஆயுதம் ஆவதைத் தடுக்க இவ்வளவு இருக்கிறது.

இருந்தும் ஏன் யாரும் போவதில்லை?

பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது சென்னையில் நெடுநாள் வழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாதம் என்று குறைந்த இடங்கள் உண்டு; குறையாத இடங்களும் உண்டு. பத்தாயிரம் ரூபாய் வாடகை என்றால் ஒரு லட்சம். தொழிற்பேட்டையில் மாதம் பதினைந்து இருபதாயிரம் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு அதுதான் மொத்தச் சேமிப்பு. பெரும்பாலும் அதற்கும் நகை அடகுக்குப் போயிருக்கும். அந்தப் பணம் ஓனரிடம் பத்திரமாக இருப்பதாகவும் எண்ண முடியாது. வாங்கிய வருடமே அது மாடியில் இன்னொரு போர்ஷனாகவோ மகள் திருமணச் செலவாகவோ மாறியிருக்கும். எனவே காலி செய்பவருக்குத் திருப்பித் தர, அடுத்து வருபவரின் அட்வான்ஸ் வந்தாக வேண்டும். 'ஆள் வரட்டும், தர்றேன்' என்பது அங்கே அன்றாடப் பேச்சு. அதற்குள் பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை, உடைந்த குழாய்க்கு இவ்வளவு, கடைசி கரண்ட் பில்லுக்கு இவ்வளவு என்று கழிவு ஏறும். கணக்குக் கேட்டால் கோபம் வரும்.

இப்போது வாடகைதாரர் இருக்கும் நிலையிலிருந்து யோசியுங்கள். தண்ணீரை நிறுத்திய ஓனர் மீது புகார் கொடுத்தால் இடைக்கால உத்தரவு வரும், தண்ணீரும் வரும். ஆனால் என்றாவது ஒருநாள் அவர் அந்த வீட்டைக் காலி செய்துதான் ஆக வேண்டும். அன்று அவருடைய ஒரு லட்சம் யார் தயவில் திரும்ப வரும்? புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க இந்தப் பணம் வேண்டும். இது வராமல் அங்கே போக முடியாது. அங்கே போகாமல் இங்கிருந்து தப்ப முடியாது. ஆகவே ஏச்சைப் பொறுத்துக்கொள்கிறார், குடத்தில் தண்ணீர் சுமக்கிறார், ஆறு மாதத்தில் வேறு வீடு பார்த்துக்கொண்டு, தொகையில் வெட்டு விழுந்தாலும் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போகிறார். குதிரையை அடிக்கத் தேவையில்லை, கடிவாளத்தைப் பிடித்திருந்தால் போதும். அட்வான்ஸ் செய்யும் வேலை அதுதான். பாக்கி வாடகைக்கும் சேதத்துக்கும் பிணையாகப் பிறந்த ஒரு ஏற்பாடு, வாயைத் திறக்க மாட்டேன் என்பதற்கான பிணையாக மாறிவிட்டது.

இதைச் சட்டம் இயற்றியவர்கள் அறியாமல் இல்லை. 11-ஆம் பிரிவு, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவது சட்டவிரோதம் என்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய கழிவு போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. ஆனால் அந்தப் பிரிவின் தொடக்கத்திலேயே, வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய என்ற விலக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவரிடம் பத்து மாதத்துக்கு ஒப்புக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்குவது என்ன பெரிய காரியம்? தயவில் நிற்பவரின் சம்மதத்தை வைத்தே அவருக்கான பாதுகாப்பை நீக்கிவிடலாம் என்றால் அந்தப் பாதுகாப்பை எழுதியதற்கு அர்த்தமே இல்லை. 2021-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியது. தமிழ்நாடு அதற்கு முன்பே சட்டம் செய்த மாநிலம் என்று பெருமைப்படலாம். இந்த ஓட்டையை அடைக்காதவரை அந்தப் பெருமையில் பாதிதான் நியாயம்.

அட்வான்ஸுக்குத் துணைநிற்பது பதிவில்லாத ஒப்பந்தம். முத்திரைத்தாளில் பதினொரு மாதத்துக்கு எழுதிக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்ற 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்துக்குத் தப்புவதற்காக வந்தது அது. 2017 சட்டத்தின் கீழ் அந்த உபாயம் செல்லாது. எத்தனை மாத ஒப்பந்தமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிந்தாக வேண்டும். அதற்காக அரசு இணையதளமும் வைத்திருக்கிறது. ஆனால் பதியவில்லையென்றால் அதன் பாதிப்பு யாருக்கு என்று பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதே வாடகைதாரரை வெளியேற்றக் கேட்பதற்கு ஒரு காரணமாக 21-ஆம் பிரிவில் இடம்பெற்றிருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் இதை ஒட்டி ஏராளமான வழக்குகள் நடந்திருக்கின்றன. ஒப்பந்தம் போடுவோம், பதிவோம் என்று ஓனரை வற்புறுத்தும் வலிமை வாடகைதாரருக்கு எங்கே இருக்கிறது? பதியாமல் இருப்பதால் ஓனர் இழப்பது குறைவு, வாடகைதாரர் இழப்பது தன் பாதுகாப்பு முழுவதையும்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில்

பூட்டு போட்டுவிட்டார்கள் என்று ஓடுபவர் முதலில் போகும் இடம் போலீஸ் ஸ்டேஷன். அங்கே கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டு சொற்கள்: 'சிவில் மேட்டர்'. வாடகை எவ்வளவு, ஒப்பந்தம் முடிந்ததா என்பவை உரிமையியல் விவகாரங்கள்தாம். மற்றவர் குடியிருக்கும் வீட்டுக்குள் அத்துமீறி நுழைவது, மிரட்டுவது, வழியை மறித்துத் தடுப்பது, பெண்ணிடம் ஆபாசமாகப் பேசுவது ஆகியவை பாரதிய நியாய சன்ஹிதாவில் குற்றங்கள். பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிராகத் தமிழ்நாட்டுக்கென்றே 1998-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. உரிமையாளர் என்பதால் இவற்றிலிருந்து விலக்கு இல்லை.

அதே ஸ்டேஷன், ஓனர் போய் நிற்கும்போது சிவில் மேட்டர் என்று சொல்கிறதா? 2020 ஆகஸ்ட் தொடக்கத்தில் புழலில் நடந்ததை மறக்கக் கூடாது. ஊரடங்கில் வேலையிழந்த பெயின்டர் ஒருவர் சில மாத வாடகை கொடுக்க முடியாமல் இருந்தார். ஓனர் புகார் கொடுத்தார். வீட்டுக்கு வந்த இன்ஸ்பெக்டர் குடும்பத்தார் கண்முன் அவரைத் தாக்கினார் என்பது குற்றச்சாட்டு. அவமானம் தாங்காமல் அவர் தீக்குளித்து, மறுநாள் இறந்தார். இன்ஸ்பெக்டர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். அந்த ஆண்டு மார்ச் 29 அன்றுதான் உள்துறை அமைச்சகம், தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்டு நெருக்கக் கூடாது, வெளியேற்றக் கூடாது என்று பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உத்தரவிட்டிருந்தது. வாடகை பாக்கி ஒரு கடன். கடனை வசூலிக்கச் சீருடைக்கு எந்தச் சட்டமும் அதிகாரம் கொடுக்கவில்லை. வாடகைதாரர் வரும்போது உரிமையியல், ஓனர் வரும்போது காவல்துறைப் பணி என்ற இரட்டை அளவு ஒரு மனிதரின் உயிரைக் கொண்டுபோனது.

இதில் மேற்குப் புறநகருக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியில் இருக்கிறது, 2018 முதல் சென்னை மாவட்டத்திலும் இருக்கிறது. ஆனால் அதன் காவல் நிலையம் 2022-இல் தொடங்கிய ஆவடி போலீஸ் கமிஷனரேட்டின் கீழ். 2019-இல் மாநகராட்சியான ஆவடியும், நகராட்சியான பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூரில் இருப்பவர் சென்னை மாவட்ட வாடகை அதிகாரியிடமும், அடுத்த ஸ்டாப்பில் இருப்பவர் திருவள்ளூர் மாவட்ட வாடகை அதிகாரியிடமும் போக வேண்டும். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அலைபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. எந்த அலுவலகம் என்று ஒவ்வொரு காவல் நிலையத்தின் வாசலிலும் ஒரு பலகை வைப்பதற்குக்கூட இத்தனை வருடங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

விடுதிகளின் கதை இன்னும் மோசம். 2021 டிசம்பர் நடுவில், திருப்பெரும்புதூர் அருகே ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் பூந்தமல்லிக்கு அருகே ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். உணவு நஞ்சாகி 250-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள்; 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஓர் அறையில் பலர் தரையில் படுத்ததும், தண்ணீர் வராத கழிப்பறைகளும் அதன்பிறகே வெளியே வந்தன. ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12 அன்றுதான் மீண்டும் திறந்தது. விடுதியில் கட்டிலுக்குப் பணம் கொடுப்பவர் வாடகைதாரராகக்கூட எண்ணப்படுவதில்லை. பெண்கள் விடுதிகளுக்கென 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், அந்தப் பெண்கள் இத்தனை நாள் வாயைத் திறக்க முடியாமல் இருந்ததற்குக் காரணம் விடுதி வேலையோடு கட்டப்பட்டிருந்ததுதான். அறையை விட்டால் வேலை போகும். மற்ற வீடுகளில் அட்வான்ஸ் செய்வதை இங்கே வேலை செய்தது. போக முடியாதவரிடம்தான் அடாவடி செல்லும்.

ஓனர்கள் கேட்பது நியாயமா?

இதைப் படிக்கும் ஓனர்களுக்கு ஒரு கேள்வி எழும்: 'எங்கள் கஷ்டம் யாருக்குத் தெரியும்?' அது மதிக்க வேண்டிய கேள்வி. ஆவடியிலும் அம்பத்தூரிலும் வீட்டுச் சொந்தக்காரர்களில் பலர் பெரும் பணக்காரர்கள் கிடையாது. ஆலையில் முப்பது வருடம் உழைத்து ஓய்வுபெற்று, கிடைத்த பணத்தில் ஒரு மாடி எழுப்பி, அந்த வாடகையில் மருந்து வாங்குபவர்கள். 1960 சட்டத்தின் காலத்தில் ஜார்ஜ் டவுனிலும் மயிலாப்பூரிலும் சொற்ப வாடகைக்குத் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்திருந்தவர்களையும், பத்து இருபது வருடம் இழுத்த வழக்குகளையும் பார்த்த பயம் அவர்களுக்கு. ஆனால் அந்தப் பயத்துக்குப் பதிலாகத்தான் 2017 சட்டமே வந்தது. இரண்டு மாத வாடகை பாக்கியே வெளியேற்றக் காரணம் ஆகிறது. வாடகைக்கு உச்சவரம்பு கிடையாது. காலம் முடிந்ததும் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். பழைய சட்டத்தின் காயத்துக்குப் புதிய சட்டத்தில் மருந்து பெற்றுக்கொண்டு, அதே சட்டம் விதித்த கடமையை மட்டும் ஏற்க மாட்டேன் என்பது பொருந்தாது.

பதிந்தால் வருமான வரி வந்துவிடும் என்ற அச்சமும் பரவலாக உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 12,000 வாடகை என்றால் வருடத்துக்கு 1,44,000. சொத்து வருமானத்தில் 30 சதவீதம் கழிவு போனால், மற்ற கழிவுகளைப் பார்க்காமலேயே, கணக்கில் வருவது 1,00,800. 2025–26 முதல் புதிய வரிமுறையில் ஆண்டுக்கு 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர் வரி கட்ட வேண்டியதில்லை. ஓய்வூதியத்தோடு இதைச் சேர்த்தாலும் சிறிய ஓனருக்கு வரி வருவது அரிது. பத்துப் பதினைந்து வீடு வைத்திருப்பவருக்கு வரி வரும். வரட்டும், அது வர வேண்டியதுதான்.

அட்வான்ஸைக் குறைத்தால் வாடகைக்கு வீடு விட யாரும் முன்வர மாட்டார்கள் என்பது அடுத்த வாதம். இங்கே கேட்பது பிணையே வேண்டாம் என்பதில்லை. அது ஓனர் கையில் இருக்க வேண்டாம் என்பதே. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1977 முதலே வாடகைப் பிணைத் தொகை அரசு வாரியத்திடம் இருக்கிறது. ஜெர்மனியில் மூன்று மாத வாடகைக்கு மேல் பிணை வாங்க முடியாது. வாங்கியதையும் ஓனர் தன் பணத்தோடு கலக்காமல் வட்டி தரும் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் பீட்டர் ராக்மன் என்ற வீட்டுச் சொந்தக்காரர் 1950-களில் குடித்தனக்காரர்களை மிரட்டி விரட்டியது பெரும் ஊழலாக வெடித்து, துன்புறுத்தலைக் குற்றமாக்கும் சட்டம் 1965-இல் வந்தது. அது மட்டும் போதவில்லை. 2007 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் பிணைத் தொகையை அங்கீகரிக்கப்பட்ட திட்டத்தில் வைத்துப் பாதுகாக்க வேண்டும் என்று வந்தது. தவறினால் அந்தத் தொகையின் மூன்று மடங்கு வரை ஓனர் கொடுக்க நேரும். இந்த நாடுகள் எதிலும் வாடகை வீடு காணாமல் போய்விடவில்லை.

தமிழ்நாட்டில் இதற்குப் புதிதாக ஒரு துறையைத் தொடங்க வேண்டியதில்லை. ஓனர் வாங்க மறுத்த வாடகையை வாடகை அதிகாரி ஏற்கெனவே வாங்கி வைக்கலாம். ஒப்பந்தத்தைப் பதியும் இணையதளமும் இருக்கிறது. அதே இடத்தில் அட்வான்ஸைக் கட்டி, அதே எண்ணில் வரவு வைத்து, காலி செய்யும் நாளில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகையை உடனே விடுவித்து, தகராறு உள்ள தொகையை மட்டும் நிறுத்திவைக்கலாம். ஓனருக்கும் இதில் நன்மை உண்டு: பாக்கி வைத்து ஓடியவரின் பணம் அரசிடம் இருக்கும், புது ஆள் வரும்வரை பழையவருக்குக் கொடுக்கப் பணம் தேட வேண்டியிராது. இழப்பு, அந்தப் பணத்தை வட்டியில்லாக் கடனாகப் புரட்டிக்கொண்டிருந்தவருக்கு மட்டும்தான்.

அதுவரை வாடகைதாரர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. அட்வான்ஸையும் வாடகையையும் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகவோ ஜிபே வழியாகவோ கொடுங்கள், அதுவே ரசீது. குடிபுகும் நாளில் சுவர், குழாய், மின் மீட்டர் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து ஓனருக்கு அனுப்புங்கள். பெயின்டிங் கணக்கு அன்று உதவும். தண்ணீர் நின்றால் எந்த நாள், எத்தனை மணி என்று எழுதி வையுங்கள். போலீஸில் மனு கொடுத்தால், அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நிற்க வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பெரும்பாலோர் இதற்குள் வந்துவிடுவார்கள். அழைக்க வேண்டிய எண் 15100.

ஆனால் தனி ஒருவரின் எச்சரிக்கையால் தீரும் பிரச்சினை இல்லை இது. 11-ஆம் பிரிவில் உள்ள விலக்கை நீக்கவும், அட்வான்ஸை ஓனரின் கையிலிருந்து வாடகை அதிகாரியின் கணக்குக்கு மாற்றவும், பதியாத குற்றத்தை ஓனர் மேல் வைக்கவும் ஒரு திருத்த மசோதா போதும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, மதுரவாயல் தொகுதிகளின் வாக்காளர்களில் பெரும் எண்ணிக்கையில் வாடகை வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். இந்த நான்கு தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களும் எந்தக் கட்சியாக இருந்தாலும் சேர்ந்து அந்த மசோதாவைக் கேட்க வேண்டும். அவர்கள் வாசலுக்குப் போய் அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்.